வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்க மறுத்த கைப்பேசி

பழைய கைப்பேசியில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டதும், ‘சிம் செல்லாது’ என்ற அறிவிப்பே திரையில் வந்தது. பொன்னிறத் தகட்டை மென்துணியால் துடைத்துப் போட்டும் பயனில்லை. ஆனால் அதே சிம் இன்னொரு கைப்பேசியில் உடனே சிக்னல் காட்டியதால், குறை சிம்மில் இல்லை, என் கைப்பேசிதான் ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்குமாறு பூட்டப்பட்டிருக்கிறது என்று தெளிந்தேன். சிம்மில் பதிந்துள்ள சந்தாதாரர் அடையாள எண், பெரும்பாலும் 15 இலக்கங்கள் கொண்டது. அதன் முதல் 3 இலக்கங்கள் நாட்டையும், அடுத்த 2 அல்லது 3 இலக்கங்கள் வலையமைப்பையும் குறிக்கின்றன. பூட்டப்பட்ட கைப்பேசி இவற்றைப் படித்துப் பார்த்து, தனக்கு அனுமதிக்கப்பட்ட நிறுவனத்தின் எண்ணாக இல்லாவிட்டால் சிம்மை ஒதுக்கிவிடுகிறது. *#06# அழுத்திப் பெற்ற ஐஎம்இஐ எண்ணை, அதாவது கைப்பேசியின் தனி அடையாள எண்ணை, கைப்பேசியை விற்ற நிறுவனத்திடம் கொடுத்துத் திறப்பு எண்ணைக் கேட்டு வாங்கினேன். பலமுறை தவறாக இட்டால் பூட்டு நிரந்தரமாகிவிடக்கூடும் என்பதால், ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்தே இட்டேன். அழைப்பு உடனே கிடைத்தது. இணையம் மட்டும், இணைய இணைப்பின் நுழைவாயிலைக் குறிக்கும் ஏபிஎன் அமைப்பில் புதிய நிறுவனம் தந்த பெயரை இட்ட பிறகே வந்தது.