கம்பில் தொடங்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சி வளர்ப்பு

பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி வளர்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள், "அக்கா, முட்டை இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்துப்பூச்சி வளர்க்கும் தட்டு போட்டாயிற்றா என்பது என் முதல் கேள்வி. அசுவினி, மாவுப்பூச்சியைத் தின்கிற இந்தப் பூச்சியின் புழுவை வளர்க்க ஒரு செடிகூட வேண்டாம், அரிசி அந்துப்பூச்சியின் (கார்சைரா) முட்டை போதும். ஆனால் அந்து வெளிவரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

உடைத்த கம்பு தானியத்தை 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் வைத்து ஆறவிடுங்கள். தட்டுக்கு 2.5 கிலோ கம்பு, 100 கிராம் நிலக்கடலைப் பொடி, ஈஸ்ட்டும் நனையும் கந்தகமும் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) 5 கிராம் வீதம். கந்தகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், உண்ணி ஏறினால் தட்டே போச்சு. அந்து முட்டை அரை சிசி (அரை மில்லி அளவு) தூவி, காடாத் துணியால் இறுகக் கட்டுங்கள். துணியில் சின்ன ஓட்டை இருந்தாலும் பிரக்கான் என்ற ஒட்டுண்ணிக் குளவி நுழைந்து அந்துப்புழுக்களை முடித்துவிடும்.

அந்து பிடிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். செதில் தூள் மூச்சுக்குழாயைப் பாடாய்ப் படுத்தும். வேலைக்கு வரும் பெண்களுக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அடியில் கம்பிவலை வைத்த டிரம்மில் அந்துகளை விட்டால் முட்டை கீழே உதிரும். அதைச் சலித்து, 15 வாட் புற ஊதா விளக்கின் கீழ் முக்கால் மணி நேரம் வையுங்கள். கரு செத்தால்தான் அந்துப்புழு பொரிந்து தொல்லை தராது.

சரி, இனி நம் புழு. கொடுக்கு போல வளைந்த தாடையால் அந்து முட்டையைக் கவ்வி உறிஞ்சும். சற்று நேரத்தில் முட்டை சுருங்கி வெறும் தோலாகிவிடும். இரை குறைந்தால் பக்கத்தில் இருக்கும் தம்பி தங்கையையே இப்படித்தான் உறிஞ்சும். அதனால் பொரித்த மூன்றாம் நாள், ஒரு அறைக்கு ஒரு புழு என்று கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். நூறு புழு கூடு கட்டும்வரை ஏறத்தாழ 4 சிசி அந்து முட்டை செலவாகும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கூட்டிலிருந்து வெளிவரும் வளர்ந்த பூச்சி வேட்டையாடாது. ஈஸ்ட், பழச்சர்க்கரை, தேன், புரோட்டினெக்ஸ் புரதப் பொடி, தண்ணீர் எல்லாம் சம அளவில் குழைத்து, பூச்சிகளை விட்ட தொட்டியை மூடிய வலைத்துணி மேல் தடவுங்கள். பக்கத்தில் நனைத்த ஸ்பாஞ்சு ஒன்று. உள்சுவரில் சுற்றிய பழுப்புத் தாளில், மயிரிழைக் காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக முட்டை நிற்கும். தாளைத் தினமும் மாற்றுங்கள், பொரிக்க மூன்று நான்கு நாள்தான். அடுத்த தலைமுறைக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, மீதித் தாளைத் துண்டுகளாக வெட்டி, அசுவினி தெரிகிற செடிகளில் இலைக்கு அடியில் குத்திவிடுங்கள். அண்மையில் மருந்தடித்த வயல் என்றால் அங்கே விட வேண்டாம்.