இரண்டு நெட் லைனை மைக்ரோடிக் ரவுட்டரின் ஃபயர்வாலில் பிரித்து ஓட்டுவது எப்படி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கீழே சாப்பாட்டுக் கடை, மேலே டியூஷன் சென்டர் என்று ஒரே நெட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும் கடைவீடுகள் நிறைய. மேலே பிள்ளைகள் வீடியோவைத் திறந்தார்கள் என்றால் கீழே கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே நிற்கும். இரண்டாவது லைன் வாங்கிச் செருகினால் மட்டும் போதாது, எந்த இணைப்பு எந்த வழியில் போக வேண்டும் என்று ஃபயர்வாலில் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

லைன் வாங்கும்போதே ஒன்றை யோசியுங்கள். யூனிஃபை ஒன்று, மேக்சிஸ் ஃபைபர் ஒன்று என்று எடுத்தால் இரண்டு கம்பெனிதான், ஆனால் பல இடங்களில் மேக்சிஸ் ஃபைபர், யூனிஃபையை நடத்தும் டெலிகாம் மலேசியாவின் கேபிளிலேயே வருகிறது. ரோட்டைத் தோண்டுகிறவன் ஒரு வெட்டு வெட்டினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். ஒன்று ஃபைபர், இன்னொன்று 5ஜி என்று வைப்பதே என் கட்சி.

மைக்ரோடிக்கின் சாஃப்ட்வேரான ரவுட்டர்ஓஎஸ் 7-ஐ வைத்துச் சொல்கிறேன். யூனிஃபை என்றால் விலேன் (ஒரே கேபிளில் எண் போட்டுப் பிரித்த பாதை) 500 போட்டு அதன் மேல் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை). அது ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டிங் டேபிளில் ‘லைன்1’, ‘லைன்2’ என்று இரண்டு டேபிள் உண்டாக்கி, ஃபிப் என்பதை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு டேபிளிலும் தன் லைனுக்கு டிஸ்டன்ஸ் 1, மற்ற லைனுக்கு டிஸ்டன்ஸ் 2 என இரண்டு டீஃபால்ட் ரூட் (எண் சிறியதே முதலில், அது இல்லாவிட்டால் அடுத்தது). ரவுட்டரின் சொந்த வேலைக்கு மெயின் டேபிளிலும் இதே போல வேண்டும். ஃபயர்வாலின் நாட் (NAT) பகுதியில் இரண்டு வெளி இன்டர்ஃபேஸுக்கும் மாஸ்கரேட், அதாவது உள் முகவரிகளை அந்த லைனின் வெளி முகவரியாக மாற்றும் ரூல்.

இனி மேங்கிள், அதாவது இணைப்புக்கும் பாக்கெட்டுக்கும் குறி போடும் பகுதி. முதலில் ப்ரீரவுட்டிங்கில் (வழி முடிவாகும் முன் வரும் கட்டம்), வெளியிலிருந்து லைன் 1 வழியாக உள்ளே வரும் குறியில்லாத இணைப்புகளுக்கு ‘லைன்1’ குறி, லைன் 2-க்கும் அதே. இதை விட்டால் சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க முடியாது, ஏனென்றால் கேள்வி ஒரு வாசலில் வரும், பதில் மறு வாசலில் போகும். (5ஜி சிம் பெரும்பாலும் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும், அதாவது பல பேர் ஒரே வெளி முகவரியைப் பங்கு போடுவார்கள், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது, ஆகவே சிசிடிவிக்கு ஃபைபர் முகவரியைக் கொடுங்கள்.)

அப்புறம்தான் பிசிசி (PCC), இணைப்புகளை லைன்களுக்குப் பங்கிடும் வழி. உள் நெட்வொர்க்கிலிருந்து வருவது, கனெக்‌ஷன் மார்க் நோ-மார்க், டெஸ்டினேஷன் அட்ரஸ் டைப் லோக்கல் அல்லாதது, அட்வான்ஸ்ட் டேப்பில் (tab) போத்-அட்ரஸஸ் 2/0 என்றால் லைன்1 குறி. 2/1 என்றால் லைன்2. ரவுட்டர் இரண்டு முகவரிகளையும் சேர்த்து ஒரு எண்ணாக்கி 2-ஆல் வகுத்து மீதியைப் பார்க்கிறது, அவ்வளவுதான். போர்ட்டையும் சேர்க்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால் பங்கீடு இன்னும் சமமாகத் தெரியும், ஆனால் ஒரே பேங்க் சைட்டுக்குப் போகும் இணைப்புகள் இரண்டு ஐபியிலிருந்து போகும், லாகின் பண்ணிய கையோடு வெளியே தள்ளிவிடும். கடைக்கு அது சரிப்படாது. வேகம் 300-ம் 100-ம் என்றால் 4-ஆல் வகுங்கள்: 4/0, 4/1, 4/2 பெரிய லைனுக்கு, 4/3 சின்னதுக்கு. இந்த ரூல் எல்லாவற்றிலும் பாஸ்த்ரூ யெஸ், அதாவது பாக்கெட் அடுத்த ரூலுக்கும் போகட்டும்.

கடைசியாக, உள்ளிருந்து வரும் பாக்கெட்டில் கனெக்‌ஷன் குறியைப் பார்த்து ரவுட்டிங் குறி (எந்த டேபிளைப் பார்க்க வேண்டும் என்பது) போடும் இரண்டு ரூல், ரவுட்டரே அனுப்பும் பாக்கெட்டுகளுக்கான அவுட்புட் செயினில் இன்னும் இரண்டு. இவற்றுக்குப் பாஸ்த்ரூ நோ. கடைக்குள் இரண்டு மூன்று சப்நெட் இருந்தால், அவற்றுக்கிடையே போவதை மேங்கிளின் உச்சியில் அக்செப்ட் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாடியிலிருக்கும் பிரின்டரைத் தேடி பாக்கெட் இன்டர்நெட்டுக்குப் போகும்.

எல்லாம் சரியாக எழுதியும் ஏதோ பாதி வேலை செய்கிறது, பாதி செய்யவில்லை என்றால் ஃபாஸ்ட்டிராக்கை, அதாவது வேகத்துக்கான குறுக்குவழியை, பாருங்கள். டீஃபால்ட் கான்ஃபிகில் அது ஓடிக்கொண்டிருக்கும், அதில் ஏறிய பாக்கெட் மேங்கிளைத் தொடுவதே இல்லை. அணைத்துவிடுங்கள்.

லைன் செத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? செக்-கேட்வே பிங் பக்கத்துக் கேட்வேயைத்தான் தட்டிப் பார்க்கும், அதற்கப்பால் அறுந்தால் அதற்குத் தெரியாது. அதனால் கூகுளின் டிஎன்எஸ் முகவரி 8.8.8.8-க்கு லைன் 1 வழியே தனி ரூட், அதன் பின்னால் டிஸ்டன்ஸ் 20-இல் ஒரு பிளாக்ஹோல் (பாக்கெட்டை விழுங்கிவிடும்) ரூட், கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1-க்கு லைன் 2 வழியே இதே. பிளாக்ஹோல் இல்லாவிட்டால் பிங் மற்ற லைனில் சுற்றிப் போய் ‘உயிரோடு இருக்கிறது’ என்று பொய் சொல்லும். முகவரியைப் பிங் செய்து கவனிக்கும் ரவுட்டரின் நெட்வாட்ச் இவற்றைப் பார்த்துக்கொண்டு, விழுந்தால் அந்த லைனின் டீஃபால்ட் ரூட்டுகளை டிசேபிள் செய்யட்டும், எழுந்தால் மீண்டும் எனேபிள். இந்த இரண்டு முகவரியையும் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸாக வைக்காதீர்கள்.

ஒரே ஒரு பெரிய டவுன்லோடு இதனால் வேகமாகாது, ஒரு இணைப்பு ஒரு லைனில்தான் போகும். சோதிக்க, கனெக்‌ஷன்ஸ் டேப்பில் இரண்டு குறியும் கலந்து வருகிறதா பாருங்கள். பிறகு கடை மூடிய நேரத்தில் ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். இன்டர்ஃபேஸே விழுந்தால் மாஸ்கரேட் பழைய இணைப்புகளைத் தானே துடைத்துவிடும். கேபிள் நன்றாக இருந்து அப்பால் மட்டும் அறுந்திருந்தால் துடைக்காது, அப்போது அந்தக் குறியுள்ள இணைப்புகளைக் கனெக்‌ஷன்ஸ் டேப்பில் நீங்களே அழிக்க வேண்டும், அல்லது நெட்வாட்ச் டவுன் ஸ்கிரிப்டில் அந்த வரியையும் சேர்த்துவிடுங்கள்.