சிபில் அறிக்கையில் தவறு இருந்தால் திருத்துவது எப்படி?

நீங்கள் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் பதிவு செய்து வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள், ஒன்றில் இல்லாத பிழை இன்னொன்றில் இருக்கலாம்.

முதலில் பெயர், பிறந்த தேதி, பான் எண்ணைப் பாருங்கள். முன்னெழுத்துக் குழப்பத்தால் வேறொருவர் கடன் உங்கள் கணக்கில் ஏறிவிடுவதுண்டு. அடுத்து, கட்டி முடித்த கடன் 'க்ளோஸ்டு' என்றிருக்கிறதா, 'செட்டில்டு' என்றிருக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. செட்டில்டு என்றால் பாக்கியில் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுத்தது என்று பொருள். அடுத்து கடன் தருபவர் தயங்குவார். மாதவாரிக் கட்டத்தில் உள்ள எண், தவணை எத்தனை நாள் தாமதம் என்பது. 000 இருந்தால் சரி.

தவறு கண்டால் அந்த நிறுவனத்தின் தளத்தில் டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) பதியுங்கள். கட்டணமில்லை. ஆனால் வங்கி ஒப்புக்கொள்ளாமல் பதிவு மாறாது. அதனால் என்ஓசி (பாக்கியில்லை என்று வங்கி தரும் சான்று), கணக்கு அறிக்கையோடு வங்கிக்கும் அதே நாளில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடமும் (குறைதீர்ப்பாளர்) போகலாம்.

கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பதைக் காட்டும் ஸ்கோர் 300 முதல் 900 வரை. அதை ஏற்ற, கிரெடிட் கார்டு வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவழியுங்கள். கார்டு பில்லில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் தாமதப் பதிவு வராது, வட்டிதான் ஏறும். பழைய கார்டை அவசரப்பட்டு மூடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு 'சிபிலை அழித்துத் தருகிறோம்' என்பவர்களிடம் போகவே வேண்டாம். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது.