பருக்குழிக்கு லேசர்: போவதற்கு முன்னும் வந்த பின்னும்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போது எதிரில் நிற்பவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. கழுத்து எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் என் கன்னத்தைப் பார்த்து, "அம்மை போட்டுதா?" என்பார்கள். அம்மை இல்லை. பதினாறு வயதில் வந்த பருவை நானே கிள்ளிக் கிள்ளிக் குழியாக்கிக்கொண்டது. முப்பத்தைந்து வயதில்தான் வைத்தியம் பார்த்தேன். இப்போது கடைக்கு வருகிற பெண்கள், கூட வருகிற தம்பிமார்கள் எல்லாம், "அக்கா, வலிக்குமா? மூஞ்சி வெந்துடுமா?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்கு மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில், முகத்தில் இருப்பது கறையா குழியா என்று பிரித்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். விரலுக்கு ஒன்றும் தட்டாமல் கண்ணாடியில் மட்டும் தெரிந்தால் அது கறை. அதற்குப் பெரும்பாலும் சன்ஸ்க்ரீன், டாக்டர் எழுதித்தரும் க்ரீம், லேசான கெமிக்கல் பீல், இவையே போதும். லேசர் வரைக்கும் ஓட வேண்டாம். விரலுக்குப் பள்ளம் தட்டினால் அது குழி. க்ரீமால் குழி நிரம்பாது. நான் பதினைந்து வருடம் பூசிப் பார்த்தவள்.

குழியிலும் வகை உண்டு. ஊசியால் குத்தினது போலக் குறுகி ஆழமாகப் போவது ஒன்று. உளியால் செதுக்கினது போல ஓரம் செங்குத்தாக நிற்பது ஒன்று. மேடும் பள்ளமுமாக அலையலையாக இருப்பது இன்னொன்று. இந்த அலைக்குழியைத் தையல்காரிக்குச் சுலபமாகப் புரியவைக்கலாம்: துணிக்கு அடியில் ஒரு நூல் இறுகிப்போனால் மேலே சுருக்கு விழும் இல்லையா, அதேதான். தோலுக்கு அடியில் நார் பிடித்து இழுக்கிறது. மேலே எத்தனை தடவை அயர்ன் போட்டாலும் சுருக்கு போகாது, அடி நூலை வெட்ட வேண்டும். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியை உள்ளே விட்டு அந்த நாரை அறுப்பார். அதற்கு சப்சிஷன் என்று பெயர். ஊசிக்குழிக்கு வேறு வழி: கூர்மையான குச்சி முனையில் வீரியமான டிசிஏ என்ற அமிலத்தைத் தொட்டுக் குழிக்குள் மட்டும் வைப்பார்கள். இதை டாக்டர்தான் செய்ய வேண்டும். அந்த அமிலம் ஆன்லைனில் பாட்டிலில் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

மற்றபடி பொதுவாகச் சொல்லும் பெயர்கள் மூன்று. கெமிக்கல் பீல்: கிளைகாலிக், சாலிசிலிக் மாதிரி அமிலத்தைத் தடவி மேல்தோலை உரிப்பது. மைக்ரோ நீட்லிங்: நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்துவது. குத்தின காயத்தை ஆற்ற உடம்பு புதிதாகக் கொலாஜன் நாரைப் போடும். மூன்றாவது ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர். தோலில் இருக்கிற தண்ணீர் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகி ஆவியாகிவிடுவதால் புள்ளிப் புள்ளியாகத் துளை விழும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் நல்ல தோலை விட்டுவைப்பதுதான் 'ஃப்ராக்ஷனல்'. பழைய முறையில் மேல்தோலை முழுக்கச் சீவி எடுப்பார்களாம். நம் நிறத்துக்கு அது பெரிய ரிஸ்க்.

இந்த நிற விஷயத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். 1975-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் வெயிலுக்குத் தோல் எப்படி மாறுகிறது என்பதை வைத்து வகை பிரிக்க ஆரம்பித்தார். இப்போது மொத்தம் ஆறு வகை, மிக வெளுத்த தோல் ஒன்று, மிகக் கறுத்த தோல் ஆறு. நம்மில் பெரும்பாலோர் நாலு, ஐந்து. நமக்குக் காயம் பட்டால் சிவப்பாக மட்டும் ஆறாது, கறுத்துவிட்டு ஆறும். அதனால் வெள்ளைத்தோல்காரர்களின் முன்-பின் போட்டோவைக் காட்டி யாராவது பேசினால், "எங்க கலர் ஆளுக்குப் பண்ணினதைக் காட்டுங்க" என்று கேளுங்கள். நான் கேட்காமல் ஏமாந்தேன். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பியூட்டி பார்லரில் 'பளபளப்பு பீல்' என்று எதையோ தடவினார்கள். என்ன அமிலம், எத்தனை சதவீதம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. இரண்டு கன்னமும் கறுத்து, தெளிய எட்டு மாதம் ஆனது. அந்தக் கறுப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன். அது ஸ்டீராய்டு கலந்தது. முதல் பதினைந்து நாள் ஜோராக இருந்தது. பிறகு வெயில் பட்டாலே எரிச்சல், புதுப் பரு. ஸ்டீராய்டு பூசிப் பூசி மெலிந்த தோலில் லேசர் வைக்க முடியாது என்று டாக்டர் ஆறு மாதம் காக்க வைத்தார்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டலாம். என்ன குழி, என்ன வைத்தியம் என்று தெரிந்துகொண்டு வந்தாலே பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கலாம்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் எப்போது நிறுத்தினீர்கள் என்பது, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா என்பது (வரும் என்றால் முன்கூட்டியே மாத்திரை தருவார்கள், லேசர் சூட்டில் அது முகம் முழுக்கப் பரவக்கூடும்), காது குத்தின இடமோ அம்மை ஊசி போட்ட இடமோ தடித்து வளர்ந்திருக்கிறதா என்பது, கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்பது. புதுப் பரு வந்துகொண்டே இருந்தால் முதலில் அதை அடக்க வேண்டும். கூரை ஒழுகும்போது சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது.

அன்றைக்கு நடப்பது இது. முகத்தைக் கழுவி, மரத்துப்போகும் க்ரீமைப் பூசி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கண்ணுக்கு மூடி போட்டார்கள். லேசர் வைத்தது இருபது நிமிடம்கூட இல்லை. சூடான எண்ணெய்ப் பொட்டு தெறிக்கிற மாதிரி சுரீர் சுரீர் என்று இருக்கும், மேல் உதட்டிலும் தாடையெலும்பு மேலும் அதிகம். முடி பொசுங்குகிற வாடை வரும், பயந்துவிடாதீர்கள். முடிந்ததும் இரண்டு மூன்று மணி நேரம் நல்ல எரிச்சல். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு மெட்ரோவில் வந்தேன். பைக் வேண்டாம். எண்ணூர் பக்கம் போகிற கன்டெய்னர் லாரிகளின் புழுதியில் ஆறாத முகத்தோடு வருவது சரிப்படாது.

மறுநாள் காலை கண்ணாடியைப் பார்க்கும்போது மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கீழே வீங்கி, தேனீ கொட்டின முகம்தான். தலையணையை இரண்டாக அடுக்கிப் படுத்தால் வீக்கம் குறையும். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து, காபித்தூள் தூவினது போலப் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளி. தொட்டால் உப்புத்தாள். ஆறாம் ஏழாம் நாளில் அது தானாக உதிரும். உரிக்காதீர்கள். பிசிறைப் பார்த்தால் பிய்க்கத் துடிக்கிற கை எனக்கு, அந்த வாரம் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான ஃபேஸ்வாஷ், அப்புறம் பெட்ரோலியம் ஜெல்லி அல்லது அவர்கள் தந்த களிம்பு, அவ்வளவுதான். அம்மா மஞ்சளை உரைத்துக்கொண்டு வந்து நின்றார். "வேணாம்மா" என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மஞ்சள், எலுமிச்சை, தயிர், பார்லர் ப்ளீச் எதுவும் கிட்டே வரக் கூடாது. சூடும் ஆகாது. கடையில் ஒரு வாரம் அயர்ன் வேலையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன்.

எரிச்சல் குறைவதற்குப் பதில் நாளுக்கு நாள் வலி ஏறினால், மஞ்சளாகச் சீழ் கட்டினால், கொத்தாகச் சின்னக் கொப்புளம் கிளம்பினால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். போனில் போட்டோ அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

வெயில்தான் உண்மையான பரீட்சை. தோல் மூடின பிறகு எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியே இருந்தால் இரண்டு மணிக்கொரு தரம். மேகம் மூடியிருந்தாலும் போட வேண்டும். நான் ஐப்பசி, மார்கழி, மாசி என்று மூன்று சிட்டிங் வைத்துக்கொண்டேன். முதல் இரண்டும் நன்றாக ஆறின. மூன்றாவது முடிந்து பத்தே நாளில், எங்கள் ஊர் தியாகராஜர் கோயில் மாசி பிரம்மோற்சவத்துக்குத் தேர் பார்க்கிறேன் என்று சந்நிதித் தெருவில் குடையில்லாமல் உச்சி வெயிலில் நின்றேன். சாமி குத்தமெல்லாம் இல்லை, என் கொழுப்பு. பங்குனி முதல் வாரத்தில் இடது கன்னம் பட்டையாகக் கறுத்தது. நான்கு மாதம் ராத்திரி க்ரீம் பூசித்தான் தெளிந்தது.

எனக்கு ஒரு சிட்டிங் 6,000 ரூபாய், மருந்து தனி. பணத்தைவிட முக்கியம் பொறுமை: புது நார் வளர்ந்து பள்ளம் மேலே வர மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். இரண்டாவது வாரத்தில் வீக்கத்தால் குழி நிரம்பினது போலத் தெரியும், அதை நம்பி ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள். கல்யாணத்துக்குத் தயாராகிறவர்கள் குறைந்தது எட்டு மாதம் முன்னால் ஆரம்பியுங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்து ஜாக்கெட் துணி கொடுப்பது மாதிரி டாக்டரிடம் போய் நிற்காதீர்கள்.

என் முகத்தில் பாதிக்கு மேல் சமமாகியிருக்கிறது. நேராகப் பார்த்தால் தெரியாது. கடை டியூப்லைட் பக்கவாட்டில் விழும்போது நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஊசிக்குழி இன்னும் தெரிகிறது. அதற்கு அந்தக் குச்சி அமிலம் வைக்கலாம் என்கிறார் டாக்டர். பொங்கல் தையல் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.