உலக உதவிச் செய்திகளைத் திரட்டி அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றித் தொண்டு நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. 1947இல் காந்திகிராமம், 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனை, 1997இல் தானம் அறக்கட்டளை என்று ஊரறிந்தவை ஒருபுறம் இருக்க, உசிலம்பட்டி, பேரையூர், கொட்டாம்பட்டி, திருப்புவனம் பகுதிகளில் ஓர் அறையும் இரண்டு மேசைகளுமாக இயங்கும் சிறு நிறுவனங்களும் மகளிர் கூட்டமைப்புகளும் ஏராளம். பெரியவற்றுக்கு உலகச் செய்தி நேரடியாக வந்து சேர்ந்துவிடும். எந்த நாட்டு அமைப்பு எதற்கு நிதி தருகிறது, எந்த மாநாடு எப்போது கூடுகிறது, எந்தப் பயிற்சிக்கு எந்த நாள் வரை விண்ணப்பிக்கலாம் என்பதெல்லாம் சிறியவற்றுக்கு யாராவது ஒருவர் திரட்டித் தமிழில் அனுப்பும் மாதச் சுற்றறிக்கை வழியாகவே தெரியவருகின்றன. அந்தத் திரட்டுப் பணியை நெடுங்காலமாகச் செய்து வருகிறேன். அண்மையில் இப்பணிக்கு வந்திருக்கும் இளைஞர்கள் ஆர்வமும் கணினித் திறனும் உடையவர்கள். ஆயினும் எங்கள் தலைமுறையினர் பட்டுத் தெளிந்த அதே தவறுகளை அவர்களும் முதலிலிருந்து செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுத்துப்பிழை, திறக்காத இணைப்பு போன்றவற்றை அவர்களே கண்டு திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

தகுதியைச் சொல்லாமல் நிதி அறிவிப்பை வெளியிடுதல்

மற்றவற்றையெல்லாம் ஓரளவு பொறுத்துக்கொள்வேன். இதைக் காணும்போது மட்டும் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வெளிநாட்டு அமைப்பு நிதியுதவிக்கு விண்ணப்பம் கோரினால், புதியவர்கள் அமைப்பின் பெயர், துறை, தொகை, கடைசி நாள் ஆகிய நான்கையும் எடுத்து எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். யார் விண்ணப்பிக்கலாம் என்பது மூல அறிவிப்பின் உட்பக்கத்திலோ, தனியே இணைத்த வழிகாட்டி ஆவணத்திலோ இருக்கும். தேடி எடுத்துப் படிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்தவருக்கு ஒன்றும் ஆவதில்லை. நட்டமெல்லாம் படிப்பவர் தலையில் விழுகிறது.

பேரையூர்ப் பக்கத்து மகளிர் கூட்டமைப்பு ஒன்று, கண்மாய்ச் சீரமைப்புக்கு ஓர் ஐரோப்பிய அமைப்பு நிதி தருவதாக ஒரு சுற்றறிக்கையில் படித்தது. அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டுப் பொதுக்குழு கூட்டித் தீர்மானம் போட்டார்கள், மடை, கலிங்கு, வரத்துக்கால் எல்லாவற்றையும் நடந்து பார்த்து அளந்தார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதச் செய்தார்கள், தே. கல்லுப்பட்டியில் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துத் தட்டச்சு செய்தார்கள். மூன்றாண்டுக் கணக்கை முடித்துத் தர மதுரையில் ஓர் ஆடிட்டருக்கும் கட்டணம் செலுத்தினார்கள். எல்லாம் முடிந்த பிறகு, அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி என்னிடம் வந்தார்கள். மூல அறிவிப்பைத் திறந்தேன். தம் நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டு நிதி பெறுவதற்கு ஏற்கெனவே பதிவு பெற்றிருக்கும் அமைப்புகள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. கூட்டமைப்புக்கு அந்தப் பதிவு இல்லை. "இத மொதல்லயே போட்டிருந்தா நாங்க இந்தப் பாடு பட்டிருக்க மாட்டோம்ல சார்?" என்று தலைவி கேட்டார். அந்தச் சுற்றறிக்கையைத் தயாரித்த இளைஞரை அழைத்து அந்தக் கேள்வியை அவர் காதால் கேட்கச் செய்தேன்.

இப்பணிக்கு வருகிற ஒவ்வொருவரும் எப்.சி.ஆர்.ஏ. என்று வழங்கும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் அடிப்படைகளை அறிந்திருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் எந்தச் சங்கமும் அறக்கட்டளையும் வெளிநாட்டு நிதியைப் பெற முடியாது. பதிவு கோரும் அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். பெற்ற பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும். இந்த நிபந்தனைகளை வைத்துப் பார்த்தால், நம் சுற்றறிக்கையைப் படிக்கும் சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவை பதிவுக்கு வெளியே நிற்பவை என்பது தெரியும். அவர்களுக்குள்ள வழி முன் அனுமதி. குறிப்பிட்ட ஒரு கொடையாளர், குறிப்பிட்ட ஒரு தொகையை, குறிப்பிட்ட ஒரு பணிக்குத் தருவதாக எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்து அதைக் கோர வேண்டும். அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம். ஆகவே, தேர்வு செய்த பிறகு அதுவரை காத்திருப்பாரா என்று கொடையாளரையே மின்னஞ்சலில் கேட்டு, அவர் சொன்ன பதிலையும் சேர்த்து வெளியிட்டால்தான் அந்த அறிவிப்பு சிறு நிறுவனங்களுக்குப் பயன்படும்.

பதிவு பெற்ற பெரிய நிறுவனத்தின் வழியாகச் சிறியவர்கள் பணம் பெற்றுக்கொள்ளலாம் என்று சிலர் இன்னமும் எழுதுகிறார்கள். 2020க்கு முன் பதிவு பெற்ற ஓர் அமைப்பு பதிவு பெற்ற இன்னொன்றுக்கு நிதியைப் பகிர்ந்தளிக்க முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த திருத்தம் 7ஆம் பிரிவை மாற்றியமைத்து, பெற்ற வெளிநாட்டு நிதியை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுப்பதை முற்றாகத் தடை செய்துவிட்டது. கூட்டாக விண்ணப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகளை வெளியிடும்போது இதை ஒரு வரியில் சொல்லியே ஆக வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்ததும் அதே திருத்தத்தில்தான். பழைய கையேடுகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் இரண்டிலும் தவறுகிறார்கள்.

ரூபாயில் கொடுத்தால் அது வெளிநாட்டு நிதி ஆகாது என்ற நம்பிக்கையும் தவறானது. வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் மேலமாசி வீதியில் நின்று ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நிதியே. மாறாக, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மேலூர்க்காரர் இந்தியக் குடியுரிமையோடு இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது; அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டால் ஆகும். இந்த வேறுபாட்டை ஒரு சுற்றறிக்கையில் எழுதியபோது வந்த தொலைபேசி அழைப்புகளைப் போல வேறெந்தச் செய்திக்கும் எனக்கு வந்ததில்லை.

நாட்டுப் பட்டியலையும் பார்க்க வேண்டும். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு மட்டும் என்று சொல்லும் அறிவிப்புகள் பல உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை என்பதால், அத்தகைய அறிவிப்பு நம் சுற்றறிக்கையில் இடம்பெற வேண்டிய தேவையே இல்லை.

தொகையைத் தலைப்பில் போட்டு ஆசை காட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நிதி அறிவிப்பின் முதல் வரியிலும் தகுதியை எழுதுங்கள். மூல ஆவணத்தில் தெளிவில்லையென்றால், கொடையாளரிடமிருந்து பதில் வரும்வரை அந்த அறிவிப்பை நிறுத்தி வையுங்கள்.

அயல்நாட்டு நேரத்தை அப்படியே எழுதுதல்

ஐரோப்பிய ஒன்றியத்தின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் பிரசல்ஸ் நேரப்படி மாலை 5 மணிக்கு முடியும். குளிர்காலத்தில் அது நமக்கு இரவு 9.30, கோடையில் 8.30. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் தன் கடிகாரத்தை மாற்றுகிறது. அமெரிக்காவோ மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பர் முதல் ஞாயிறன்றும் மாற்றுகிறது. ஒருமுறை கணக்கிட்டு வைத்த நேர வித்தியாசத்தை ஆண்டு முழுவதும் பயன்படுத்துகிறவர்கள் ஏப்ரலில் மாட்டிக்கொள்வார்கள். மேலூரில் ஒரு நிறுவனம், பிப்ரவரியில் சரியாக இருந்த 9.30 என்ற நேரத்தை நம்பி ஏப்ரல் முதல் வாரத்தில் இரவு 9 மணிக்கு விண்ணப்பத்தைப் பதிவேற்றப் போனபோது, அரை மணி நேரத்துக்கு முன்பே தளம் மூடப்பட்டிருந்தது.

நள்ளிரவு என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். மே 31 இரவு 11.59 என்பது நியூயார்க் நேரமானால் நமக்கு ஜூன் 1 காலை 9.29, ஜெனீவா நேரமானால் ஜூன் 1 அதிகாலை 3.29. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவதால், அவர்களின் 06/07 ஜூன் 7ஆம் நாளைக் குறிக்கும். மாதத்தைப் பெயராகவே எழுதி, இந்திய நேரத்தை முதலிலும் மூல நேரத்தை அடுத்தும் கொடுங்கள்.

நினைவு நாளுக்கு நல்வாழ்த்துச் சொல்லுதல்

ஆகஸ்டு 19ஆம் நாள் உலக மனிதாபிமான தினம். அன்று பூங்கொத்துப் படத்தோடு நல்வாழ்த்துகள் வந்து குவிகின்றன. 2003இல் அதே நாளில் பாக்தாத்தின் கனால் ஓட்டலில் இருந்த ஐ.நா. அலுவலகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதில், தூதுவர் செர்ஜியோ வியெய்ரா டி மெல்லோ உள்ளிட்ட 22 பேர் உயிரிழந்தனர். அவர்களையும் உதவிப் பணியில் உயிரிழந்த மற்றவர்களையும் நினைவுகூர்வதற்காக 2008இல் ஐ.நா. பொதுச்சபை அந்த நாளை அறிவித்தது. துக்க வீட்டு வாசலில் நின்று வாழ்த்துச் சொல்ல மாட்டோம் அல்லவா? நிகழ்வு நாட்காட்டியில் ஒரு நாளைச் சேர்க்கும் முன், அது எதற்காக ஏற்பட்டது என்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சுவரொட்டியைப் படமாக மட்டும் அனுப்புதல்

படத்திலுள்ள இணைப்பை யாராலும் அழுத்த முடியாது.

வந்த அழைப்பிதழையெல்லாம் மாநாடு என்று நம்புதல்

வறுமை ஒழிப்பு, மகளிர் உரிமை என்ற தலைப்புகளில், ஐ.நா. சின்னம் பொறித்த தாளில் அழைப்பு வரும். விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் அமைப்பாளர்களே பொறுப்பு என்றும், தங்கும் விடுதிக்கு மட்டும் முன்பணம் அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருக்கும். கடவுச்சீட்டு நகலும் கேட்பார்கள். இவை மோசடிகள் என்று ஐ.நா. தன் இணையதளத்திலேயே எச்சரித்திருக்கிறது. தனி ஒருவருக்கு அப்படியொரு மடல் வந்தால் அவருக்கு ஐயம் எழக்கூடும். அதுவே நம் சுற்றறிக்கையில் வந்துவிட்டால், நம்மை நம்பி அந்த ஐயத்தை விட்டுவிடுவார். வாடிப்பட்டிப் பகுதிச் செயலாளர் ஒருவர் பணத்தை அனுப்பிய பிறகே என்னிடம் கேட்டார். அந்த மாநாட்டின் பெயர் எந்த ஐ.நா. அமைப்பின் நாட்காட்டியிலும் இல்லை. அழைப்பு வந்த முகவரியோ யாரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய மின்னஞ்சல்.

உண்மையான மாநாட்டிலும் நுழைவுரிமையைப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் மார்ச்சில் நியூயார்க்கில் கூடும் மகளிர் நிலை ஆணையத்தின் அலுவல் அமர்வுகளுக்கு, ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் ஆலோசனைத் தகுதி பெற்ற தொண்டு நிறுவனங்களே பிரதிநிதிகளைப் பதிவு செய்ய முடியும். அதே நாட்களில் தொண்டு நிறுவனங்கள் வெளியே நடத்தும் இணை நிகழ்ச்சிகளில் மற்றவர்களும் பங்கேற்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிட்டால், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசாவுக்காக வரிசையில் நிற்பவருக்கு எங்கே போகிறோம் என்பதே தெரியாது.

அரசு ஊழியரையும் அதே அழைப்பில் சேர்த்தல்

வெளிநாட்டவர் செலவில் தங்கலும் பயணமும் பெறுவதற்கு, எப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி அரசு ஊழியர்கள் மத்திய அரசின் முன் அனுமதியைப் பெற வேண்டும். உங்கள் வாசகர்களில் அரசுப் பள்ளி ஆசிரியரும் கிராம சுகாதாரச் செவிலியரும் இருப்பார்கள்; அவர்களுக்காக ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

பயனாளியின் முகத்தை வெளியிடுதல்

பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தைப் போக்சோ சட்டமும், எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் நிலையை 2017ஆம் ஆண்டுச் சட்டமும் காக்கின்றன. ஊர்ப் பெயரும் வேண்டாம்.

சித்திரைத் திருவிழா நாளில் மதுரையில் பயிற்சி வைத்தல்

அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் அறையும் கிடைக்காது, ஆளும் வரமாட்டார்கள்.

மாறிய செய்தியைத் திருத்தாமல் விடுதல்

2025 ஜனவரி 20ஆம் நாள் அமெரிக்க அதிபர் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் நாள், 1961 முதல் இயங்கிவந்த, அந்நாட்டு அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டின் பணிகள் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் போய்ச் சேர்ந்தன. அதன் நிதியை நம்பி முன்னர் வெளியான பயிற்சி அறிவிப்புகளும் விண்ணப்ப அறிவிப்புகளும் நம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் அதன் பிறகும் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. அறிவிப்பை அனுப்பியவர்கள் செய்தித்தாளில் மாற்றத்தைப் படித்திருந்தார்கள். தாங்கள் முன்பு அனுப்பியதை ரத்துசெய்ய வேண்டும் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு நிகழ்ச்சி ஒத்திப்போடப்பட்டாலோ ஒரு நிதி நின்றுபோனாலோ, அடுத்த மாதச் சுற்றறிக்கை வரை காத்திருக்கக் கூடாது. முதலில் எந்தக் குழுக்களுக்கு அனுப்பினோமோ அதே குழுக்களுக்கு, அதே தலைப்பில், "ரத்து" அல்லது "திருத்தம்" என்று முன்னால் சேர்த்து, பழைய அறிவிப்பின் தேதியையும் குறிப்பிட்டு அன்றே அனுப்ப வேண்டும். எந்த அறிவிப்பை எந்தக் குழுவுக்கு எப்போது அனுப்பினோம் என்பதற்கு ஒரு குறிப்பேடு இருந்தால்தான் இது நடக்கும். சுற்றறிக்கையை அச்செடுத்துப் பலகையில் ஒட்டும் அலுவலகங்கள் நம் பகுதியில் இன்னும் உள்ளன. அவற்றுக்கு மட்டும் தொலைபேசியில் பேசி, பழைய தாளை எடுத்துவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறேன்.