கேடட்டுக்குப் பண்பு கற்பிக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

இராணுவ அகாடமிக்குப் புதிதாக வரும் பயிற்றுநர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் முதல் வருடம் ஞாபகம் வந்துவிடுகிறது. அதே மிடுக்கு, அதே அவசரம், அதே இடத்தில் சறுக்கல். கேடட்டிடம் கடன் வாங்காதே, செல்லப்பிள்ளை வைத்துக்கொள்ளாதே, நீயே தாமதமாக வந்து நிற்காதே என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல, விட்டுவிடுகிறேன். நேர்மையான, கடுமையாக உழைக்கிற பயிற்றுநர்கள் நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிறவைதான் எனக்குக் கவலை.

எங்கும் கத்துவது

டிரில் மைதானத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வந்து சொன்னவனை ஊர் பார்க்கத் தண்டிப்பது

இதை யார் செய்தாலும் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். முதலில் செய்தவன் நானே என்பதால் கூடுதலாக வரும்.

ஒருநாள் காலை என் அறை வாசலில் ஒரு கேடட் வந்து நின்றான். முந்தைய இரவு 2 மணிக்குக் காவல் போஸ்டுகளைச் சுற்றிப் பார்ப்பது அவன் பொறுப்பு. கடைசி போஸ்டுக்குப் போகாமலேயே ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டான். "மனசு கேக்கல சார்" என்றான். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை, அவனாகத்தான் வந்தான். நான் என்ன செய்தேன்? மாலையில் என் பொறுப்பிலிருந்த கேடட் அணியான பிளட்டூனை வரிசையாக நிறுத்தி, அவனை முன்னால் அழைத்து, ஒரு பொய்க் கையெழுத்து எத்தனை உயிரைக் குடிக்கும் என்று அரை மணி நேரம் முழங்கினேன். இரண்டு வாரம் கூடுதல் டிரில் வேறு. பாடம் நன்றாக உறைத்திருக்கும் என்று திருப்தியோடு தூங்கப் போனேன். உறைக்கத்தான் செய்தது. வாயைத் திறந்தால் மாட்டுவோம் என்று பிளட்டூன் மொத்தமும் கற்றுக்கொண்டது.

சில வாரம் கழித்து வெயிலில் நெடுநடை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் யார் தண்ணீர் குடித்தார்கள் என்று செக்‌ஷன் தலைவன் ஒரு தாளில் டிக் போட வேண்டும். கட்டம் விடாமல் டிக் இருந்தது. நான்காவது நிறுத்தம் தாண்டியதும் ஒருவன் வரிசையை விட்டு விலகி எங்கேயோ நடந்தான். பெயரைக் கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னான். ஹீட் ஸ்ட்ரோக். நிழலில் கிடத்தி பெல்ட்டை அவிழ்த்தபோது அவன் தண்ணீர் பாட்டில் கையில் கனத்தது. மூடியைத் திறந்தேன். கழுத்து வரை தண்ணீர். காலையில் நிரப்பியது, ஒரு வாய்கூடக் குறையவில்லை.

முந்தைய இரவிலிருந்தே அவனுக்கு வாந்தி. செக்‌ஷனில் அத்தனை பேருக்கும் தெரியும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும், அதை நான்தான் நிறுத்திவைத்துக் காட்டியிருந்தேனே. பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் ஒரு டேர்ம் போயிற்று. டிக் போட்டவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பெரிய இடங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. அமெரிக்க இராணுவ அகாடமியான வெஸ்ட் பாயிண்டின் நெறிப்படி கேடட் பொய் சொல்லக் கூடாது, ஏமாற்றக் கூடாது, திருடக் கூடாது, செய்பவரைச் சகித்துக்கொள்ளவும் கூடாது. மீறினால் வெளியேற்றம் என்ற ஒரே தண்டனைதான் நெடுங்காலம் இருந்தது. 1976-ல் வீட்டில் எழுதிவரச் சொன்ன ஒரு மின்பொறியியல் தேர்வில் காப்பியடித்ததற்காக 150-க்கும் மேற்பட்டோர் வெளியே போனார்கள். விண்வெளி வீரர் ஃபிராங்க் போர்மன் தலைமையிலான குழு விசாரித்து, பழியில் அகாடமிக்கும் பங்கு உண்டு என்றது. அந்த ஒரே தண்டனை முறையும் போயிற்று. பிற்பாடு 2015-ல் மறு கோடிக்குப் போய், தவறை ஒப்புக்கொண்டால் வெளியேற்றம் கிடையாது என்று ஒரு வழி வைத்தார்கள். 2020-ல் இணையவழிக் கணிதத் தேர்வில் 70-க்கும் மேற்பட்டோர் சிக்கினார்கள். 2021-ல் அந்த வழியையும் மூடிவிட்டார்கள்.

இரண்டு கோடியிலும் ஒரே ஓட்டை இருப்பதாக எனக்குப் படுகிறது. யாரும் கேட்குமுன் வந்து சொல்வதும், மாட்டிக்கொண்ட பிறகு தலையாட்டுவதும் ஒன்றல்ல. முன்னவனிடம் இப்போது நான் முதலில் சொல்வது "சொன்னதுக்கு நன்றி". பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, விட்டுப்போன வேலைக்கு உரியதை மட்டும் கொடுக்கிறேன். போகாத போஸ்டுக்கு ஒரு வாரம் இரவுச் சுற்று, அவ்வளவுதான். பின்னவனுக்குச் சலுகை இல்லை. இந்த வித்தியாசத்தை முதல் நாளே பிளட்டூனிடம் சொல்லிவிட வேண்டும். சம்பவம் நடந்த பிறகு சொன்னால் ஆள் பார்த்துச் செய்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஒருவன் தவறுக்கு எல்லாருக்கும் தண்டனை

கூட்டாக மறைக்கப் பழக்க வேண்டுமானால் செய்யுங்கள்.

வீரக்கதையைப் பதக்கத்தோடு முடிப்பது

1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் பொதுமக்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, ஹியூ தாம்சன் என்ற பைலட் ஹெலிகாப்டரை இடையில் இறக்கினார். மக்களை மேலும் சுட்டால் நம் ஆட்களையே திருப்பிச் சுடுங்கள் என்று தன் குழுவிடம் சொன்னார். வகுப்பில் இதைக் கேட்டதும் எல்லாக் கேடட்டும் தன்னைத் தாம்சனாகவே நினைத்துக்கொள்வான். அவரைத் துரோகி என்று திட்டியவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். அந்தச் செயலுக்கு உரிய பதக்கம் 1998-ல்தான் வந்தது. முப்பது வருடம் என்றதும் வகுப்பில் ஓர் அமைதி விழும். பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

முடியாததைக் கேட்டுக் கையெழுத்து வாங்குவது

அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரியின் 2002 ஆய்வு ஒன்றில் ஒரு கணக்கு வரும். கம்பெனி எனப்படும் ஒரு படைப்பிரிவுக்கு ஆண்டில் கிடைக்கும் பயிற்சி நாட்கள் 256. கட்டாயம் முடிக்க வேண்டியவையோ 297 நாள் வேலை. மிச்சம் 41 நாள் தாளில்தான் நடந்தாக வேண்டும். கேடட்டுக்கு நாம் போடும் அட்டவணையும் பெரும்பாலும் இந்த லட்சணம்தான்.

நெடுநடைக்கு இப்போது நான் அந்த டிக் தாளை எடுத்துப் போவதில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிறேன். போன மாதம் ஒன்று கனமாக இருந்தது. "ஏம்ப்பா குடிக்கல?" என்றேன். "நேத்து ராத்திரிலேருந்து குமட்டுது சார்" என்றான். வண்டியில் ஏற்றி அனுப்பினேன். பக்கத்தில் நின்ற புதிய பயிற்றுநர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "மறைச்சதுக்கு இவன் மேல ரிப்போர்ட் போட்டுடலாமா சார்?"