புழுவும் வெட்டவில்லை, பூச்சியும் கடிக்கவில்லை

முடி வெட்டிக்கொண்டிருந்தவர் சீப்பைச் சட்டென்று நிறுத்தினார். "பின்னால் புழுவெட்டு விழுந்திருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்று கேட்டு, கைக்கண்ணாடியைப் பின்னந்தலைக்கு நேராகப் பிடித்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்டம். சிவப்பு இல்லை, செதில் இல்லை, அரிப்பும் இருந்ததில்லை. வழித்துவிட்டாற்போல் மழமழவென்று இருந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அதன்பின் நான் செய்த தவறுகளையும், இதே சிக்கலுடன் வாழும் மற்றவர்கள் செய்யக் கண்ட தவறுகளையும் எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாட்களாக நினைத்திருந்தேன்.

முதல் தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. புழுவெட்டு என்று சொன்னதும் ஏதோ புழு முடியைத் தின்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. மருத்துவர்கள் இதை அலோபீசியா ஏரியாட்டா என்கிறார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடலின் வெள்ளணுக்களே மயிர்க்காலின் அடிக்குமிழைச் சூழ்ந்துகொண்டு தாக்குகின்றன, முடி உதிர்ந்துவிடுகிறது. இது தன்னுடல் தாக்குநோய். ஒட்டிக்கொள்ளாது. சீப்பையும் துண்டையும் தலையணையையும் தனியாக ஒதுக்கிவைக்கத் தேவையே இல்லை. ஒரு குழந்தையின் சீப்பை வீட்டில் தனியாக எடுத்துவைத்தால், முடி போனதைவிட அதுதான் அந்தக் குழந்தைக்கு வலிக்கும்.

புழு என்று நம்பியதால் நானும் அதைக் கொல்லப் பார்த்தேன். யாரோ சொன்ன காரமான சாறு ஒன்றைச் சொரசொரப்பான துணியில் நனைத்து, எரிய எரிய நான்கு நாட்கள் தேய்த்தேன். ஐந்தாம் நாள் அந்த இடம் கொப்புளித்து நீர் கோத்துக்கொண்டது. புண் ஆறிய பிறகும் கருந்தழும்பு மறையச் சில மாதங்கள் ஆயின. அதற்குள் முடியும் முளைத்துவிட்டது. சாறுதான் வேலை செய்தது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். அடுத்த ஆண்டு வேறோர் இடத்தில் வட்டம் விழுந்தபோது அதே சாறு ஒன்றும் செய்யவில்லை.

சின்னதாக ஓரிரு வட்டங்கள் மட்டும் விழுந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, எந்த மருந்தும் இல்லாமலேயே ஓராண்டுக்குள் முடி திரும்ப வளர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கையில் எந்த எண்ணெய் இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சை நம்பி இன்னொருவர் தன் தலையைப் புண்ணாக்கிக்கொள்கிறார்.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை அதிகம் பதறவைக்கும் தவறு. முடியில்லாத வட்டமெல்லாம் புழுவெட்டு என்று எடுத்துக்கொள்வது. புழுவெட்டில் மயிர்க்கால் சாவதில்லை, உறங்குகிறது. பல ஆண்டுகள் கழித்தும் விழித்துக்கொள்ளக்கூடும். லைக்கன் பிளானஸ், டிஸ்காய்டு லூபஸ் என்னும் தோல்நோய்களாலும் தலையில் இப்படி வட்டம் விழலாம்; அவை அப்படியல்ல. அவை மயிர்க்காலையே அழித்து அங்கே தழும்பை விட்டுவிடுகின்றன. அழிந்த மயிர்க்காலை எந்த மருந்தும் மீட்டுத் தராது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் சிகிச்சை. முன்னதில் சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கலாம். பின்னதில் பொறுத்த ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

கைப்பேசி கேமராவை நெருக்கமாக வைத்து நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் பாருங்கள். புழுவெட்டில் தோலில் முடித் துளைகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். வட்டத்தின் ஓரத்தில் நுனி தடித்து அடி மெலிந்த குட்டை முடிகள், ஆச்சரியக்குறி போலவே நிற்கும். துளைகளே இல்லாமல் தோல் பளபளத்தாலோ, எரிச்சலும் வலியும் இருந்தாலோ, முடியின் அடியைச் சுற்றிச் சிவந்து செதில் கட்டியிருந்தாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் திசுப் பரிசோதனை வேண்டும் என்றால் பயப்படாதீர்கள். மிகச் சிறிய துண்டுதான் எடுப்பார்கள். குழந்தையின் தலையில் செதிலோடு முடி ஒடிந்த வட்டம் இருந்தால் அது படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மாத்திரை வேண்டும். மேலே தடவும் களிம்பு மட்டும் வேர்வரை போய்ச் சேராது.

படர்தாமரையின் மேல் ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. புழுவெட்டுக்கு வட்டத்திலேயே போடும் ஸ்டீராய்டு ஊசி நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை போடுவார்கள். ஒரே ஊசியோடு "பலனில்லை" என்று நின்றுவிடுபவர்கள் நிறைய. தலைக்குத் தந்த களிம்பைத் தாமாகவே புருவத்துக்கும் இமைக்கும் தடவிக்கொள்பவர்களும் உண்டு. அங்கே தோல் மெல்லியது. கண்ணுக்குள் அழுத்தம் கூடவும் புரை விழவும் அது வழிவகுக்கலாம். வாய்வழி ஸ்டீராய்டை நெடுநாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்து.

முடி திரும்பும்போது பெரும்பாலும் முதலில் வெள்ளையாக, பூனைமுடி போல மெலிதாக வரும். நரை என்று எண்ணி அதைப் பிடுங்காதீர்கள். நிறம் மெல்லப் பின்னால் வரும்.

பரவலாக முடி இழந்தவர்களுக்கு இப்போது மாத்திரைகள் உண்டு. 2022 ஜூனில் பாரிசிட்டினிபுக்கும், 2023 ஜூனில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்காக ரிட்லெசிட்டினிபுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. இவை நோய் எதிர்ப்பாற்றலையே தணிப்பவை. காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்த பிறகே தொடங்க வேண்டும். மற்றவருடைய மருந்துச்சீட்டை வைத்து வாங்குவது விபரீதம். முடி வளர்ந்துவிட்டது என்று நிறுத்தினால் மறுபடி உதிர்வதும் அடிக்கடி நடக்கிறது.

பயோட்டின் மாத்திரை வேறு கதை. பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்குப் புழுவெட்டில் அதனால் பயன் என்று உறுதியான சான்று இல்லை. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனை முடிவைப் பிசகாகக் காட்டிவிடும். புழுவெட்டு உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும் கூடவே வருவதுண்டு என்பதால் இந்தப் பிசகு நம்மைத்தான் அதிகம் பாதிக்கும். பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

தலையை மட்டும் பார்ப்பதும் தவறுதான். நகத்தில் ஊசிமுனை அளவில் குழிகள், தோலில் வெண்புள்ளி, தீராத கரப்பான் எல்லாவற்றையும் காட்டுங்கள். சொரியாசிஸ், லைக்கன் பிளானஸ், வெண்புள்ளி ஆகியவை காயம்பட்ட இடத்திலேயே புதிதாக முளைக்கும் குணமுள்ளவை. செதிலை நகத்தால் பெயர்ப்பது நோய்க்கு நாமே வழிவிடுவதாகும். இமைமுடி போனவர்கள் கண்ணாடி அணிந்தால் தூசி கண்ணுக்குள் விழுவது குறையும். வெறும் தலைக்கு வெயிலில் தொப்பியோ சன்ஸ்கிரீனோ வேண்டும். விக் ஒட்டும் பசையை முதலில் கையில் தடவி ஒருநாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போடுங்கள்.

"கவலையை விடு, தானாக வளரும்" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். கேட்பவருக்கோ, என் கவலைதான் என் முடியைத் தின்றது என்று குற்ற உணர்வு வந்துவிடுகிறது. மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்குண்டு. எந்தக் கவலையும் இல்லாத சின்னஞ்சிறு குழந்தைக்கும் வருகிறது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் கூட வருகிறேன் என்று சொல்லுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று, அதே ஜன்னலோரத்தில், வட்டத்தின் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவைக்கிறேன். நினைவிலிருந்து சொன்னால் கூடவும் குறையவும் வரும்; படத்தைக் காட்டினால் மருத்துவருக்கு உடனே விளங்குகிறது. இம்மாதப் படத்தில் இடது காதுக்குப் பின்னால் புதிதாக ஒன்று தெரிகிறது, எட்டு மில்லிமீட்டர். வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.